பல் வேதனைக்குக் கிராம்பு எண்ணெய்: 240 ரூபாய் பாட்டில் தேவையா?

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரருக்கு ராத்திரி கடைவாய்ப் பல்லில் தாங்க முடியாத வேதனை. பொருட்காட்சி ஸ்டால் ஒன்றில் 'நூறு சதவீதம் இயற்கை' என்று விற்ற கிராம்பு எண்ணெய் பத்து மில்லி, 240 ரூபாய் கொடுத்து வாங்கி வைத்திருந்தேன். பஞ்சில் முக்கி அப்படியே வைத்தோம். வலி மரத்துப்போச்சு, ஆனால் காலையில் ஈறு வெள்ளையாக வெந்திருந்தது. எண்ணெய் போலியா? பணம் திரும்பக் கிடைக்குமா? (தக்கலை வாசகி)

பதில்: போலி என்று சொல்லிவிட முடியாது மக்ளே. அசல் எண்ணெயும் இப்படித்தான் பொசுக்கும். பல் டாக்டர் ரூமுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் ஒரு வாசனை இருக்குமே, அது யூஜெனால். கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு அதுதான். டாக்டர்கள் அதைத் துத்தநாக ஆக்சைடு பொடியோடு குழைத்துப் பல் குழியில் அடைப்பார்கள். நரம்பை மரக்க வைக்கிற அதே சரக்கு, நீர்க்காமல் ஈறில் பட்டால் சதையை வேகவைத்துவிடும். கால் டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு, பஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து, பல்லில் மட்டும் படும்படி சில நிமிஷம் வைத்துத் துப்பியிருந்தால் ஈறு தப்பியிருக்கும். விழுங்கவே கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், கொஞ்சம் குடித்தாலும் கல்லீரலைப் பதம்பார்க்கும்.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். பில் இருக்கிறதா? பாட்டிலில் தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த தேதி, அளவு, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அச்சாகியிருக்கிறதா? பல்லுக்கு மருந்து என்று சொல்லி விற்றிருந்தால் மருந்து லைசென்ஸ் எண்ணும் காலாவதி தேதியும் இருக்கணும். இவற்றில் ஏதாவது இல்லை என்றால் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு 1915-க்குப் போன் போடுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் 240 ரூபாய்க்காக நாலு நாள் வேலையைக் கெடுத்து அலைய வேண்டுமா என்று யோசியுங்கள். நானாக இருந்தால் 1915-ஓடு நிறுத்திக்கொள்வேன்.

அடுத்த தடவை எண்ணெயே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. மாறாமலையிலும் கரும்பாறையிலும் வேளிமலையிலும் காய்க்கிற நம் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, நாமோ ஸ்டாலில் பாட்டில் வாங்குகிறோம்! நல்ல கிராம்பு ஒன்றை வெந்நீரில் ஊறப்போட்டு, மெதுவானதும் வலிக்கிற பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கி வைத்தால் போதும், கடிக்கத் தேவையில்லை, கடித்தால் வலிதான் கூடும். அதோடு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளித்து, வெளியே கன்னத்தில் துணி சுற்றிய ஐஸை வைத்து, தலையணையை உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள். படுத்ததும் வலி கூடுவது தலைக்கு ரத்தம் ஏறுவதால்தான்.

இதெல்லாம் அந்த ஒரு ராத்திரியை ஓட்டத்தான். சொத்தை அப்படியே உள்ளே இருக்கும். விடிந்ததும் பல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவு இருக்கிறது, குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கன்னம் வீங்கி, காய்ச்சலடித்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியவில்லை என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: பாக்கெட் கிராம்பில் மணமே இல்லை. பழசா, ஏமாற்றா? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: எண்ணெய் எடுத்த சக்கையைக் கலந்து விற்பதும் நடக்கிறது. நாலைந்து கிராம்பை ஒரு கிளாஸ் தண்ணீரில் போடுங்கள். நல்லது அடியில் போய் உட்காரும், சக்கை மேலே மிதக்கும். நகத்தால் காம்பை அழுத்தினால் எண்ணெய் கசியணும், தலையில் உருண்டை மொட்டு உதிராமல் இருக்கணும். அதனால்தான் கோட்டாறு கடைத்தெருவில் சில்லறையாக, கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதை நான் விடவில்லை. வாங்கிவிட்ட பாக்கெட் என்றால் பில்லோடு கடைக்காரரிடம் கேளுங்கள், மசியவில்லை என்றால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் செய்யலாம்.

கேள்வி: மாமனார் வலிக்கிற பல்லில் புகையிலை அதக்குகிறார், சில நாள் ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைக்கிறார். சரியா? (குளச்சல் வாசகி)

பதில்: ரெண்டும் வேண்டாம். ஆஸ்பிரின் அமிலம், ஈறைப் புண்ணாக்கும், மாத்திரை என்றால் விழுங்கினால்தான் வேலை செய்யும், அதுவும் அவர் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு. புகையிலை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்று அந்தப் பாக்கெட்டிலேயே படம் போட்டிருக்கிறார்களே, அதை ஒருதரம் காட்டுங்கள்.