ஜனவரியில் ஹேவ்லாக்: கடலில் இறங்கும் முன் கேட்ட கேள்விகள்

பெங்களூரில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் பன்னிரண்டு சேர்ந்து ஜனவரி கடைசியில் அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறோம். அதில் ஒரு நாள் முழுக்கப் படகில் போய் ஸ்நார்க்கெலிங், அதாவது மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, மேலே மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது. போன ஞாயிறு அல்சூரில் கூடியபோது கேள்விகள் வந்துகொண்டே இருந்தன, பாதிக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. பல வருடங்களாக இந்தக் கடலில் இறங்கி வருகிறேன் என்பதால் என்னிடம் கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் எழுதியே தருகிறேன்.

மர்பி டவுன் அக்கா: எனக்கு 46 வயது, நீச்சல் தெரியாது. நான் கரையில் பையைக் காவல் காக்க வேண்டியதுதானா?

வேண்டாம் அக்கா, நீங்களும் இறங்குங்கள். ஸ்நார்க்கெலிங் என்பது நீந்துவது இல்லை, குப்புற மிதப்பது. உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கும், லைஃப் ஜாக்கெட் அதற்கு மேல் தூக்கும், முதல் தடவைக்காரர்களை கைடு ஒரு டியூபைப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் போவார். கஷ்டம் மூச்சில்தான் இருக்கிறது. மாஸ்க் மூக்கை மூடிவிடும், வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். நம் உடம்புக்கு அது பழக்கமில்லை. இரண்டு நிமிடத்தில் மூச்சு வேகமாகும், மனசு பதறும், கால் தானாகத் தரையைத் தேடும்.

முதல் தடவை எனக்கு அதுதான் நடந்தது. பதறி எழுந்து நின்றேன். காலடியில் இருந்தது மணல் இல்லை, மான்கொம்பு மாதிரி கிளை விட்ட பவளம். தேங்காய் ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம். கைடு எதுவும் திட்டவில்லை. உடைந்த கிளையை எடுத்து, பக்கத்துப் பாறை இடுக்கில் மெதுவாகச் செருகி வைத்தார். விரல் நீளம் இருந்த அந்தத் துண்டு அந்த அளவு வளர ஒரு வருடமாவது ஆகியிருக்கும். உருண்டையாக வளரும் பவளம் என்றால் வருடத்துக்குப் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். என் முழங்காலில் விழுந்த கீறல் ஆற மூன்று வாரம் ஆனது. அது ஆறிவிட்டது, ஒடித்த கிளையை நினைத்தால் மனசு இன்னும் வலிக்கிறது.

அதனால் இப்போதே பழகுங்கள். மாஸ்க்கும் குழாயும் வாங்கி, வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் வாயால் மூச்சு விடுங்கள். நான்கு நாள் கழித்து ஏதாவது நீச்சல் குளத்தில், இடுப்பளவு தண்ணீரில் குனிந்து முகத்தை மட்டும் உள்ளே வைத்து இருபது மூச்சு. விடும் மூச்சு எடுக்கும் மூச்சைவிட நீளமாக இருக்கட்டும். கடலில் பதற்றம் வந்தால் நிற்கப் பார்க்காதீர்கள். மல்லாக்கத் திரும்பி, குழாயைத் துப்பிவிட்டு, கையைத் தூக்குங்கள். ஜாக்கெட் உங்களைத் தாங்கும்.

ஒயிட்ஃபீல்டு தம்பி: எலிஃபன்ட் பீச், ஜாலிபாய், நார்த் பே என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். எது நல்லது?

நமக்கு எலிஃபன்ட் பீச். ஹேவ்லாக் படகுத்துறையிலிருந்து கிட்டத்தட்ட அரை மணி நேரப் பயணம், கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பவளம் தொடங்கிவிடும். ஜாலிபாய் அழகில் ஒரு படி மேல். ஸ்ரீ விஜயபுரம், அதாவது பழைய போர்ட் பிளேர் பக்கம் வண்டூரில் படகு ஏற வேண்டும், வனத்துறை அனுமதி வேண்டும். 1983-இல் அமைத்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது அந்தத் தீவு. பிளாஸ்டிக்குக்கு அங்கே இடமில்லை, சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் கட்டிக்கொள்ளுங்கள். வருடத்தில் பாதி ஜாலிபாயை மூடி ரெட் ஸ்கின் தீவைத் திறக்கிறார்கள், பவளம் ஓய்வெடுக்கட்டும் என்று. நல்ல ஏற்பாடு. நார்த் பே ஊருக்குப் பக்கம், கூட்டம் அதிகம். பழைய 20 ரூபாய் நோட்டின் பின்பக்கம் தென்னை மரங்களோடு இருக்கும் காட்சி அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறது.

ஹேவ்லாக்குக்கு 2018 முதல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர். டிக்கெட்டில் அந்தப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.

எலக்ட்ரானிக் சிட்டி அண்ணன்: ஜூனில் டிக்கெட் விலை குறைவு. அப்போது போகலாமே?

வேண்டாம் அண்ணா. தென்மேற்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும், கப்பலும் படகும் சில நாள் நிற்கும், போனாலும் தண்ணீர் கலங்கல். டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நம்பிப் போகலாம்.

மாதத்தோடு தேதியையும் பாருங்கள் என்பேன். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் ஏறி அதிகம் வற்றும். நீரோட்டம் வேகமாக இருக்கும், மணல் கலங்கி எதுவும் தெரியாது. வற்றிய நேரத்தில் பவளத்துக்கும் நம் வயிற்றுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. அஷ்டமியை ஒட்டி ஏற்ற இறக்கம் குறைவு. அஷ்டமி நவமியில் பயணம் கிளம்ப மாட்டோம் என்கிறவர்கள் நம்மில் உண்டு. இரண்டு நாள் முன்னால் நல்ல நாளாகப் பார்த்துக் கிளம்பிவிட்டு, கடலில் இறங்குவதை மட்டும் அஷ்டமிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அங்கே பொழுது சீக்கிரம் சாயும். ஜனவரியில் ஐந்தேகால், ஐந்தரைக்குள் சூரியன் விழுந்துவிடும். காலை முதல் படகு நம்முடையதாக இருக்கட்டும்.

ஸ்ரீராமபுரம் அம்மா: மைசூர் பஸ்ஸிலேயே எனக்கு வாந்தி வரும். படகில் என்ன செய்வது?

வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், வயிறு முட்டவும் சாப்பிடாதீர்கள். இரண்டு இட்லி போதும். படகின் முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும், நடுவிலோ பின்னாலோ உட்காருங்கள், டீசல் புகை மூஞ்சியில் அடிக்காத பக்கமாக. கண் அடிவானத்தில் இருக்கட்டும், போனைப் பார்க்கவே வேண்டாம். அவோமின் மாதிரி மாத்திரை என்றால் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் பலன் குறைவு. தூக்கம் வரும் மாத்திரை அது, போட்டுக்கொண்டால் தண்ணீரில் தனியாக இறங்காதீர்கள்.

கே.ஆர். புரம் தங்கச்சி: எனக்குக் கண்ணாடிப் பவர் மைனஸ் நாலரை. மீன் தெரியுமா?

பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது, இங்கேயே வாங்கிக்கொள்ளம்மா. தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், அதனால் கொஞ்சம் குறைந்த பவர்கூடச் சமாளிக்கும். வாங்கும்போது வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்துப் பார். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உன் முகத்துக்கு ஆனது. ஒரு முடி உள்ளே மாட்டினாலும் தண்ணீர் கசியும். மீசைக்காரர்களுக்கு அதே தொந்தரவு. கண்ணாடி புகை படிந்தாற்போல மங்கினால் உள்பக்கம் எச்சில் தடவி அலசுங்கள், அல்லது ஒரு சொட்டு பேபி ஷாம்பூ.

ஆஸ்டின் டவுன் ஐயா: 68 வயது, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வரலாமா?

படகுக்கு தாராளமாக வாருங்கள் ஐயா. தண்ணீரில் இறங்குவதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். குழாய் வழி மூச்சு இழுக்கவே நெஞ்சு கூடுதலாக வேலை செய்யும். இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கேட்காமல் இறங்கக் கூடாது. இறங்காவிட்டாலும் கண்ணாடி அடித்தளப் படகு இருக்கிறது, நனையாமலே பவளம் பார்க்கலாம்.

ஹெப்பாள் அக்கா: என்ன உடுத்துவது? சன்ஸ்கிரீன் எது?

உடம்போடு ஒட்டிய முழுக்கை மேல்சட்டை, லெகிங்ஸ். துப்பட்டா, தொளதொள சுடிதார் வேண்டாம், காலில் சுற்றும். இரண்டு மணி நேரம் குப்புறக் கிடப்பதால் முதுகும் முழங்கால் பின்புறமும் வெந்துபோகும். துணி மூடிய இடத்துக்கு கிரீம் தேவையில்லை. மிச்ச இடத்துக்கு ஜிங்க் ஆக்சைடு கலந்தது பூசுங்கள். சில சன்ஸ்கிரீனில் இருக்கும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற ரசாயனங்கள் இரண்டும் பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாய் மாநிலம் 2021 முதல் விற்பனையையே நிறுத்தியது. டப்பாவின் பின்னால் படித்து, இந்த இரண்டு பெயரும் இல்லாததாக வாங்குங்கள்.

ஒயிட்ஃபீல்டு தம்பி மறுபடி: போட்டோவில் வானவில் மாதிரி இருக்கிறது. நேரில் பழுப்பாக இருக்கிறது, எல்லாம் செத்துவிட்டது என்கிறார்களே?

இரண்டு விஷயம் கலந்துவிட்டது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கி, எல்லாம் நீலம் பாய்ந்து தெரியும். போட்டோக்காரர்கள் விளக்குப் போட்டு எடுக்கிறார்கள். பழுப்பு, ஆலிவ் நிறத்தில் இருப்பது பெரும்பாலும் நல்ல உயிருள்ள பவளம். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து சமைத்துப் போடுகிறது, அந்தப் பாசியின் நிறம்தான் அது.

பயப்பட வேண்டியது சுண்ணாம்பு அடித்தாற்போன்ற வெள்ளைக்கு. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெளுத்த உடனே சாவதில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், இல்லையென்றால் பட்டினிதான். அந்தமானில் 2010-இல் பெரிய அளவில் வெளுத்தது, 2016-லும் அடி விழுந்தது. செத்த பாறைகளை நீங்களும் பார்ப்பீர்கள். அவற்றின் மேல் புதிதாகக் காசு அளவில் ஒட்டி வளரும் குஞ்சுப் பவளத்தையும் தேடிப் பாருங்கள். மன்னார் வளைகுடா மீனவர்கள் இந்தப் பவளப் பாறைகளுக்கு ‘பார்’ என்று பெயர் சொல்வார்கள், ‘பார்’ இருக்கும் இடத்தில்தான் மீன் என்று அவர்களுக்குத் தெரியும்.

கம்மனஹள்ளி தம்பி: கடிக்கிறது, கொட்டுகிறது எதாவது?

தொடாதவரை பயமில்லை. கறுப்பு முள் உருண்டையாக இருப்பது கடல் முள்ளெலி, மிதித்தால் முள் ஏறும். சொறி, அதாவது ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீரால் அலசி கைடிடம் காட்டுங்கள். உப்புநீர் முதலை அந்தமானில் உண்டு. கழிமுகம், அலையாத்திக் காட்டு ஓரங்களில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் கால்கூட நனைக்க வேண்டாம்.

அதே தம்பி: கடைசி நாள் ஸ்கூபா செய்துவிட்டு அன்றே விமானம் ஏறலாமா?

கூடாது. ஸ்கூபா என்பது காற்று சிலிண்டர் மாட்டி ஆழத்தில் இறங்குவது, அதற்குப் பிறகு 18 மணி நேரமாவது விட வேண்டும். மேலே மிதக்கும் ஸ்நார்க்கெலிங்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

பானஸ்வாடி அண்ணி: அவ்வளவு தூரம் லீவு கிடைக்காது. பக்கத்தில் எதுவும் இல்லையா?

முருடேஸ்வர் போங்கள். பெங்களூரிலிருந்து இரவு பஸ் ஏறினால் காலையில் கடல். அங்கிருந்து சுமார் 19 கிலோமீட்டரில் நேத்ராணித் தீவு, அக்டோபர் முதல் மே வரை படகு. ஆழம் அதிகம், நேரே படகிலிருந்துதான் குதிக்க வேண்டும். அதனால் முதல் தடவைக்கு ஹேவ்லாக்கே நல்லது.

மர்பி டவுன் அக்கா மறுபடி: பூஜை அறையில் வைக்க ஒரு சின்னப் பவளத் துண்டு? கரையில் சும்மா கிடப்பதுதானே?

வேண்டாம் அக்கா. பவளம் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்த துண்டும் சேர்த்துத்தான். விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம்.

அவருடைய பையன், பத்து வயது: மாமா, கடலுக்கு அடியில் சத்தம் கேட்குமா?

கேட்கும் கண்ணா. காலை ஆட்டாமல் மிதந்து பார். எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி படபடவென்று சுற்றிலும் கேட்கும். விரல் அளவு இறால் ஒன்று கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம் அது, ஆயிரக்கணக்கில் பாறைக்குள் இருக்கின்றன. நடுவில் யாரோ முறுக்கு கடிக்கிற மாதிரி கேட்டால் தலையை மெல்லத் திருப்பு. பச்சையும் நீலமுமாகக் கிளிமீன் பாறையைக் கொறித்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் பின்னாலேயே பார்த்திரு, வாலுக்குக் கீழே வெள்ளையாகப் பொடி உதிரும். நீ கரையில் வீடு கட்டி விளையாடப் போகிற மணலில் அதுவும் இருக்கும்.