மழைக்கோட்டுக்குள் வியர்த்தால் எதனால் என்று எப்படித் தெரியும்?

கேள்வி: வயது 59. ஓய்வுபெற்ற ஆசிரியை, ஊர் கும்பகோணம். பதினோரு வருடமாகச் சர்க்கரை. அதற்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைட். பிரஷருக்கு அம்லோடிபினும் அடினோலாலும் சேர்ந்த மாத்திரை. கடைசி ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.4. படி இறங்கினால் வலது முட்டி வலிக்கும். டப்ளினில் இருக்கும் மகள், ஜூன் மாதம் அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் எட்டு நாள் நடைப்பயணத்துக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டாள். பன்னிரண்டு பேர் கொண்ட குழு. தினம் 10, 12 கிலோமீட்டர் நடக்க வேண்டுமாம். ஒருநாள் ஸ்கெல்லிக் மைக்கேல் தீவும் உண்டு. "இந்த வயசுல மழையில நனைஞ்சு மலை ஏறணுமா?" என்கிறார் கணவர். போகலாமா டாக்டர்?

பதில்: போகலாம் அம்மா. ஆனால் இப்போது சாப்பிடும் மாத்திரைகளை இதே அளவில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

கிளிமிபிரைட், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. வீட்டிலிருந்தால் பரவாயில்லை. நான்கைந்து மணி நேரம் மேடும் பள்ளமுமாக நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். இறங்கும்போது கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும்; அதை வைத்துத்தான் நாம் உஷாராவோம். அந்த இரண்டையும் அடினோலால் அமுக்கிவிடும். முக்கியமாக மிஞ்சுவது வியர்வைதான். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மேடு ஏறினால் சர்க்கரை இல்லாதவருக்கும் உள்ளே சட்டை ஊறிவிடும். அப்புறம் எந்த வியர்வை எதனால் என்று எப்படித் தெரியும்?

அதனால் உடம்பின் எச்சரிக்கையை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். கிளம்பும் முன் சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். நடக்கும்போது ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏதாவது கொறிக்க வேண்டும். நீண்ட நடை உள்ள நாட்களில் கிளிமிபிரைடை எவ்வளவு குறைப்பது, அடினோலாலுக்குப் பதில் வேறு மாத்திரை தரலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். கிளம்பும் வாரத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம். அடினோலாலை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது. நடந்த நாளின் இரவிலும் சர்க்கரை இறங்கலாம், காலியான தசைகள் தூக்கத்திலும் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும். படுக்கும் முன் ஒருமுறை பாருங்கள்.

பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. விரல் விறைத்திருந்தால் குத்தினாலும் ரத்தம் வராது. மீட்டரும் குளிரில் சில சமயம் எண்ணுக்குப் பதில் 'எர்ரர்' காட்டும். மீட்டரைப் பையில் வைக்காமல் உள்சட்டைப் பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் வையுங்கள். குளுக்கோஸ் மிட்டாயின் தாளை வீட்டிலேயே பிரித்து ஜிப் கவரில் போட்டுக்கொள்ளுங்கள். ஈரக் கையுறையோடு அந்தத் தாளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். இன்னொன்று, அங்கே மீட்டர் வாங்கினால், அலகு வேறு என்பதால், அது 5.6 என்று காட்டும். பயப்பட வேண்டாம், 18ஆல் பெருக்கினால் நம் ஊர் 100 வந்துவிடும்.

என்னைக் கேட்டால், சின்னக் குழுவில் நோயைவிடப் பெரிய தொந்தரவு கூச்சம். பன்னிரண்டு பேர் நடக்க, நாம் மட்டும் நின்றால் என்ன நினைப்பார்களோ என்று பிஸ்கட்டை எடுக்காமல் இருப்போம். வழியில் கழிப்பறை இருக்காதே என்று தண்ணீரையும் குடிக்காமல் இருப்போம், பெண்கள் முக்கியமாக. முதல் நாள் காலையிலேயே வழிகாட்டியிடம் மகளை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, மணிக்கொருமுறை நிற்பார், பேச்சு குழறினாலோ காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ முதலில் இனிப்பைக் கொடுங்கள். குளிரில் உடம்பு விறைத்தாலும் இதே குழறலும் தள்ளாட்டமும் வரும். எது என்று யோசித்துக்கொண்டு நிற்காமல், விழுங்க முடிகிறவரை இனிப்பு கொடுத்து, ஈரத் துணியையும் மாற்றிவிடுவதுதான் நல்லது. அவசரத்துக்கு 112.

ஜூனில் என்ன குளிர் என்று நினைக்காதீர்கள். அந்தக் கடற்கரையில் கோடைப் பகலே பெரும்பாலும் 15, 18 டிகிரிதான். மேற்கில் சில இடங்களில் வருடத்துக்கு 225 நாள் வரை மழை நாள். நம் ஐப்பசி மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. தூறலாகக் காற்றோடு பக்கவாட்டில் அடிக்கும், குடை ஒன்றுக்கும் உதவாது. பருத்தி உடுத்தினால் நனைந்து ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர், மேலே மழைக்கோட்டு, கம்பளி சாக்ஸ், மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி. புது ஷூவை அங்கே போய்ப் போடாதீர்கள். இப்போதே வாங்கி நடந்து பழக்குங்கள். பதினோரு வருடச் சர்க்கரை என்பதால் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அங்கே தினம் இரவு விரலிடுக்கைத் துடைத்து, கொப்புளம் உண்டா என்று பாருங்கள்.

அடுத்து முட்டி. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முட்டிக்குச் சுமை. ஊன்றுகோல் இரண்டு வாங்கி, இறக்கத்தில் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிப் பிடியுங்கள். பழகுவதற்கு உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. சுவாமிமலைக்கு 60 படி. வாரம் மூன்று நாள், முதலில் இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். வலி கூடாவிட்டால் மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். ஸ்கெல்லிக் மைக்கேலில் துறவிகள் வெட்டிய கல்படி 618. சுவாமிமலையைப் பத்து முறை ஏறினாலும் பதினெட்டுப் படி பாக்கி. பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் கிடையாது, மழையில் கல் வழுக்கும். அந்த முட்டியோடு அந்தப் படியை மட்டும் நான் அனுமதிக்க மாட்டேன். மகள் ஏறட்டும். நீங்கள் தீவைச் சுற்றிக் காட்டும் படகில் போய்ப் பாருங்கள், கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு. எந்த மாத்திரை என்றும் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள், சில வகை தூக்கத்தைத் தரும்.

சுவாமிமலைப் படியில் நெஞ்சை அழுத்துகிற மாதிரியோ, தாடை, இடது கை வலிக்கிற மாதிரியோ, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறலோ ஒரே ஒரு முறை வந்தாலும் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு, தள்ளிப்போடாமல் இதய மருத்துவரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லாமல் இரண்டு மாதம் ஏறி இறங்கிவிட்டால், ஒருநாள் உங்கள் கணவரையும் கூட அழைத்துப் போங்கள். யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.