மடிக்கணினியில் காணாமல் போன மிருதங்கம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் அக்னி வசந்த விழாவில் பாரதக் கூத்தை நல்ல மைக் வைத்து விடிய விடியப் பதிவு செய்தேன். மடிக்கணினியில் போட்டால் முகவீணை (நாதஸ்வரம் மாதிரிச் சின்னக் குழல்) காதைத் துளைக்கிறது. மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் இருக்குமிடமே தெரியவில்லை. ஹெட்போனில் எல்லாம் சரியாகக் கேட்கிறது. இவ்வளவு விலை வாங்குகிறவர்கள் ஒரு நல்ல ஸ்பீக்கர் வைக்கக் கூடாதா?

ம., குடியாத்தம்

அன்புள்ள ம.,

நல்ல ஸ்பீக்கரைத்தான் வைக்கிறார்கள், பல நேரம். அதற்குப் பின்னால் காற்று இருக்க இடம் வைப்பதில்லை.

தாழ்ந்த ஒலிக்குக் காற்றை அள்ளித் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்று நகர வேண்டும். முகவீணைக்குக் கொஞ்சம் போதும். தொப்பியில் விழும் அடிக்குப் போதாது.

போன மாதம் என் மடிக்கணினி ஒரு பக்கம் கரகரத்தது. வேலூரில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தேன். கடைத் தம்பி அடிமூடியைக் கழற்றிச் சுண்டுவிரல் நீளக் கறுப்புப் பிளாஸ்டிக் கூடு ஒன்றை எடுத்துக் காட்டினார். ஸ்பீக்கர் அதற்குள் இருந்தது. கூட்டின் ஒட்டு விட்டு மயிரிழை அளவு பிளந்திருந்தது, அவ்வளவுதான். பசை தடவி மூடியதும் குரல் கனத்துவிட்டது. ஸ்பீக்கரில் அதிரும் சவ்வு முன்பக்கம் காற்றை அழுத்தும்போதே பின்பக்கம் இழுக்கிறது. பின்பக்க ஒலி கசிந்து முன்னே வந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் சாவது தாழ்ந்த ஒலிதான்.

சரி, நன்றாக மூடிவிட்டால்? சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். சின்னக் கூட்டில் அடைபட்ட காற்று அப்படித்தான் சவ்வை ஆடவிடாமல் எதிர்த்து நிற்கும். 1925இல் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் விவரித்த அதே சுருளும் காந்தமும்தான் இன்றும் ஸ்பீக்கரை ஆட்டுகின்றன. அன்று பெட்டிக்குப் பஞ்சமில்லை. இன்று மிஞ்சும் இடத்தையெல்லாம் பேட்டரி பிடித்துக்கொள்கிறது. கனமில்லாததாகத் தேடி வாங்கியவர்கள் நாமும்தான்.

கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குரல் மட்டும் ஆண் குரலாகவே கேட்கிறதே, கவனித்தீர்களா? ஆண் குரலின் அடிச் சுருதி பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியது. அதையும் அந்த ஸ்பீக்கர் சரியாகத் தருவதில்லை. ஆனால் அதன் மடங்குகளான 200, 300, 400 வந்து சேர்கின்றன. அவற்றை வைத்து மூளையே அடிச் சுருதியை இட்டு நிரப்பிக்கொள்கிறது. தொப்பியில் விழும் அடிக்கோ பலம் பெரும்பாலும் தாழ்ந்த ஒலியிலேயே கிடக்கிறது. மேலே பிடித்துக்கொள்ள மூளைக்கு அதிகம் கிடைப்பதில்லை. மென்பொருளால் மேல் மடங்குகளைச் செயற்கையாகச் சேர்த்துக் காதை ஏமாற்றும் வித்தையும் உண்டு. பாட்டுக்கு அது பரவாயில்லை. கூத்துப் பதிவுக்கு வேண்டாம் என்பேன்.

ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2019இல் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்களை முதுகோடு முதுகு வைத்தார்கள். ஒன்றின் உதறலை மற்றொன்று தாங்கிக்கொள்வதால், உடம்பு அதிர்ந்து இரையாது.

உங்கள் கணினியில் ஸ்பீக்கர் அடிப்புறம் இருந்தால் மெத்தையில் வைக்காதீர்கள். மரப்பலகை மேல் வையுங்கள். ‘பாஸ்’ அளவை ஏற்றாதீர்கள். சவ்வு திணறும், இரைச்சல்தான் கூடும். பதினெட்டாம் நாள் படுகளமும் பதிவில் இருந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். ஹெட்போனில்தான் கேட்பேன்.