பதில்: 2 லட்சம் சொற்கள் உள்ள அகராதிச் செயலி திறக்கவே நேரமாகிறது

வணக்கம். 2 லட்சம் சொற்களையும் ஒரே ஜேசன் (JSON, தரவை வெறும் எழுத்தாக வைக்கும் வடிவம்) கோப்பில் வைத்து, செயலி திறக்கும்போது மொத்தமாகப் படிப்பதாக எழுதியிருந்தீர்கள். சிக்கல் அங்கேதான். தேடுவது ஒரு சொல், ஆனால் முழுக் கோப்பும் நினைவகத்தில் ஏறுகிறது. விலை குறைந்த ஃபோன்களில் செயலி மூடிக்கொள்வதும் அதனால்தான். ஆண்ட்ராய்டில் சிறு அமைப்புகளைச் சேமிக்கும் ஷேர்டு பிரிஃபரன்சஸுக்கு மாற்றலாமா என்று கேட்டீர்கள், வேண்டாம். அதுவும் முழு எக்ஸ்எம்எல் கோப்பையும் ஒரேயடியாகப் படிப்பதுதான்.

ஃபோனுக்குள்ளேயே இயங்கும் சிறு தரவுத்தளமான எஸ்கியூலைட்டுக்குப் (SQLite) போங்கள். தரவுத்தளத்தைக் கணினியிலேயே உருவாக்கி, சொல் நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் சுட்டி) போட்டு, செயலியோடு சேர்ந்தே வரும் அசெட்ஸ் கோப்புறையில் வையுங்கள். எஸ்கியூலைட்டைக் கையாளும் ஆண்ட்ராய்டு நூலகமான ரூம், 2.2 பதிப்பு முதல் அதை நேரடியாக எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஃபோனில் ஒவ்வொரு வரியாகச் சேர்க்கும் வேலையே இல்லை.

அப்புறம், 'கா' என்று தட்டியதும் பட்டியல் வர, தேடல் கட்டளையில் லைக் (LIKE) போடாதீர்கள். வழக்கமான அமைப்பில் அது இண்டெக்ஸைத் தொடாது, மொத்த அட்டவணையையும் துழாவும். அதே இடத்தில் கிளோப் (GLOB) போட்டு, 'கா*' என்று கொடுத்தால் இண்டெக்ஸ் வழியே போகும்.

தமிழுக்கே உரிய ஒன்று: 'கொ' என்பதில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். பார்க்க ஒன்றுதான், எஸ்கியூலைட்டுக்கு இரண்டும் வேறு. தரவையும் பயனர் தட்டுவதையும் என்எஃப்சி (NFC) எனப்படும், ஒரே குறியாகச் சேர்த்தெழுதும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பயனர் குறித்துவைக்கும் சொற்களைத் தனித் தரவுத்தளத்தில் வையுங்கள். அகராதியைப் புதுப்பிக்கும்போது அவை அழியக்கூடாது.