தீப்பந்தமும் ஃபிளாஷும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் கோயில் கொடையில் தீப்பந்தச் சிலம்பம் ஆடுவார்கள். கேமராவின் மேல் ஃபிளாஷைப் பொருத்தி, ஒளியளவைக் கேமராவே கணக்கிடும் டி.டி.எல்.-இல் எடுத்தேன். 1/200 வினாடி ஷட்டர் வேகத்தில் ஆள் தெளிவாக விழுந்தார்; ஆனால் பந்தம் வெறும் தீக்கட்டி, பின்னணி கும்மிருட்டு. ஷட்டர் மூடுவதற்குச் சற்று முன் ஃபிளாஷ் அடிக்கும் ரியர் கர்ட்டன் வைத்தால் சரியாகும் என்றார்கள். 1/200-இல் வைத்துப் பார்த்தேன், மாற்றமே இல்லை. 1/4-க்கு இறக்கியதும் தீ வளையம் வந்தது. ஆனால் பாதிப் படங்களில் ஆடுபவர் கண் மூடியிருக்கிறார், அல்லது கம்பு முகத்தை மறைக்கிறது. மறுநாள் உச்சி வெயிலில் அதே குழுவை, ஃபிளாஷைத் தள்ளி வைத்து இயக்கும் டிரிக்கர் வைத்து 1/500-இல் எடுத்தபோது, படத்தின் அடியில் ஒரு பட்டை இருண்டுபோனது. ஃப்ரன்ட் (ஷட்டர் திறந்ததும் ஃபிளாஷ் அடிப்பது), ரியர், ஸ்லோ சிங்க், ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் சிங்க்): எதை எப்போது வைப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

1/200-இல் ரியர் வைத்தும் மாற்றமில்லை என்று கவனித்தீர்களே, அங்கிருந்தே தொடங்கலாம். 1/200 என்பது 5 மில்லி வினாடி. அதன் தொடக்கத்தில் ஃபிளாஷ் அடித்தாலும் முடிவில் அடித்தாலும் பந்தம் அதற்குள் எவ்வளவு தூரம் போய்விடும்? முதலில் முடிவு செய்ய வேண்டியது ஷட்டர் வேகம். ஃப்ரன்டா ரியரா என்ற கேள்வி, ஏறக்குறைய 1/30-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் வருகிறது.

சிலம்பத்தில் அந்த வேகத்தைக் கணக்குப் போட்டே எடுக்கலாம். கம்பு வினாடிக்கு இரண்டு சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். ஒரு முனையில் மட்டும் தீ என்றால் முழு வளையத்துக்கு 1/2 வினாடி வேண்டும். இரு முனையிலும் தீ என்றால் அரைச் சுற்றிலேயே வளையம் மூடிவிடும், 1/4 போதும். தீயின் பிரகாசத்தை அபர்ச்சரும் (லென்ஸின் திறப்பு, எஃப் எண்) ஐஎஸ்ஓவும் (சென்சரின் ஒளியுணர்வு) பார்த்துக்கொள்ளும். எஃப் 8, ஐஎஸ்ஓ 400-இல் தொடங்குங்கள். தீ வெளுத்துப்போனால் திறப்பைக் குறைத்து எஃப் 11.

இங்கே நான் ரியரைப் பரிந்துரைக்க மாட்டேன். ஓடுகிறவன், வண்டி என்று ஒரே திசையில் போகும் பொருளுக்குத்தான் அது. ஒருவர் பந்தம் ஏந்தி இடமிருந்து வலமாக ஓடும்போது ஃப்ரன்ட் வைத்தால், ஒளிக்கோடு அவருக்கு முன்னால் நீண்டு, பின்னோக்கி ஓடுவதுபோல் தெரியும். ரியரில் கோடு முதுகுக்குப் பின்னால் விழும். வட்டத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மாறாக, ரியரில் நீங்கள் பட்டனை அழுத்திக் கால் வினாடி கழித்துத்தான் ஃபிளாஷ் அடிக்கும். அதற்குள் கம்பு அரைச் சுற்று போய் முகத்தை மறைத்துவிடலாம். ஃப்ரன்ட் என்றால் கண்ணால் பார்த்த நிலை ஏறக்குறைய அப்படியே உறையும். தீ அதன் பிறகு வளையம் வரையும்.

கண் மூடியதற்குக் காரணம் டி.டி.எல்.தான். அது முதன்மை ஒளிக்கு முன், அளவு பார்க்க ஒரு முன்ஒளி விடும். ஃப்ரன்டில் இரண்டும் ஒட்டி வருவதால் இமை அசையப் பெரும்பாலும் நேரமில்லை. ரியரில் முன்ஒளி தொடக்கத்திலும், முதன்மை ஒளி கால் வினாடி கழித்தும் வரும். கண் சிமிட்ட அது தாராளமான நேரம். ஃபிளாஷின் சக்தியை நாமே வைக்கும் மேனுவலுக்கு மாற்றினால் முன்ஒளியே கிடையாது. 35 மி.மீ. ஜூமில் கைடு நம்பர் (ஐஎஸ்ஓ 100-இல் ஃபிளாஷின் வீச்சைச் சொல்லும் எண்) 36 உள்ள ஃபிளாஷில், மேற்சொன்ன எஃப் 8, ஐஎஸ்ஓ 400-க்கு 1/4 சக்தி சுமார் நாலரை மீட்டருக்கு எட்டும். ஃபிளாஷின் முகப்பில் முழு ஆரஞ்சு ஜெல் (நிறத்தாள்) ஒட்டினால் மூன்றரை மீட்டர். ஜெல்லை ஒட்டிவிடுங்கள், ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வையுங்கள். இல்லாவிட்டால் முகம் வெள்ளையாகவும் சுற்றுப்புறம் முழுக்க மஞ்சளாகவும் ஒட்டாமல் நிற்கும். ஆடுபவருக்குப் பின்னால் டியூப்லைட்டோ சீரியல் செட்டோ வராத கோணத்தில் நில்லுங்கள். வந்தால் அந்த வெளிச்சம் அவர் உடலை ஊடுருவித் தெரியும்.

ஸ்லோ சிங்க் தனி வித்தை இல்லை. ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் பி, ஏ மோடுகளில் ஃபிளாஷ் போட்டால் பல கேமராக்கள் 1/60-க்குக் கீழே இறங்க மறுக்கும். ஸ்லோ அந்தத் தடையை எடுக்கிறது. எம் மோடில் வேகத்தை நீங்களே வைப்பதால் அது தேவையில்லை.

இனி அந்த இருண்ட பட்டை. ஷட்டரில் இரண்டு திரைகள் இருக்கின்றன. 1/200 அல்லது 1/250 வரை, முதல் திரை முழுவதும் திறந்த பிறகே இரண்டாவது கிளம்பும். 1/500-இல் முதலாவது முடிவதற்குள் இரண்டாவது இறங்கத் தொடங்கிவிடும். பெரும்பாலான கேமராக்களில் அது சென்சரின் மேற்பக்கத்தை முதலில் மூடுகிறது. சென்சரில் பிம்பம் தலைகீழாக விழுவதால், படத்தில் அடிப்பகுதிக்கு ஃபிளாஷ் போய்ச் சேரவில்லை. வெயில் பட்டதால்தான் அந்தப் பட்டையிலும் ஏதோ தெரிகிறது.

ஹெச்.எஸ்.எஸ். இதைத் தீர்க்கும்: திரைகளின் இடைவெளி சென்சரைக் கடந்து முடியும்வரை ஃபிளாஷ் ஒரே வெடிப்பாக இல்லாமல் விடாமல் துடிக்கும். இதற்கு கேமரா, டிரிக்கர், ஃபிளாஷ் மூன்றும் ஆதரவு தர வேண்டும். கேமராவின் மேல் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடுத் தொடுமுனையை மட்டும் தொடும் மலிவான டிரிக்கரில் நடக்காது. நிக்கான் டி3500, டி5600 போன்றவற்றில் இந்த வசதியே இல்லை.

ஆனால் சக்தி குறையும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200-க்கு எஃப் 11 வரும். அதே 36 கைடு நம்பர் ஃபிளாஷ் முழுச் சக்தியில் சுமார் 3.3 மீட்டர் எட்டும். ஹெச்.எஸ்.எஸ்.-இல் 1/3200, எஃப் 2.8 வைத்தால் வெயிலின் அளவு அதேதான். ஃபிளாஷோ சுமார் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதி) இழந்து 1.6 மீட்டரில் நின்றுவிடும். தொடர்ந்து அடித்தால் சூடேறித் தானே நிறுத்திக்கொள்ளும். பின்னணி கலங்கலாக வேண்டும், ஆளோ தள்ளி நிற்கிறார் என்றால் 1/200-இலேயே இருந்து, லென்ஸில் ஒளியைக் குறைக்கும் 4 ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டு எஃப் 2.8-க்குத் திறங்கள். ஃபிளாஷ் பழைய 3.3 மீட்டரை அப்படியே எட்டும். ஃபில்டர் வழியே ஃபோகஸ் தடுமாறினால், கழற்றி ஃபோகஸ் செய்து பூட்டிய பிறகு மாட்டுங்கள். கம்பு வீச்சை வெயிலில் உறையவைக்க வேண்டுமென்றால் என்டி உதவாது, ஹெச்.எஸ்.எஸ்.தான்.

இரவு எடுக்கும் முன் ஆசானிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணில் எதிரே ஃபிளாஷ் அடித்தால் சில நொடிகள் ஒன்றும் தெரியாது. கையிலோ எரிகிற கம்பு. ஃபிளாஷைக் கேமராவிலிருந்து இறக்கி, ஆடுபவரின் பக்கவாட்டில், கண் மட்டத்துக்கு மேலே ஸ்டாண்டில் வைத்து, ஒரு சுற்றுக்கு ஒரு படம் என்று எடுங்கள்.