வாசகர் கேள்வி: பபூன்களின் நட்பு நம் கற்பனையா?

கேள்வி: பபூன் குரங்குகளின் பின்னால் வருடக்கணக்கில் நடந்து, அவற்றுக்குள் நட்பு உண்டு என்கிறார்களே, அது பார்க்கிறவரின் கற்பனை இல்லை என்று எப்படி நம்புவது?

பதில்: நியாயமான சந்தேகம். இரண்டு ஆண் குரங்குகள் பல்லைக் காட்டி மோதினால் யார் கண்ணும் அங்கேதான் போகும், ஓரமாக இரண்டு பெண் குரங்குகள் வெகுநேரமாக ஒன்றுக்கொன்று பேன் பார்ப்பதை யாரும் எழுதிவைக்க மாட்டார்கள், கடைசியில் நோட்டு முழுக்கச் சண்டைதான் மிஞ்சும். பபூன் ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-ல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு வழி சொன்னது. எந்தக் குரங்கைப் பார்ப்பது என்று முன்பே வரிசை போட்டுவிட வேண்டும், அதன் முறை வந்தால் குறித்த நேரம் முழுக்க அதை மட்டும்தான் பார்க்க வேண்டும், அது சும்மா புல்லைப் பிடுங்கித் தின்றாலும் சரி, பக்கத்தில் பெரிய ரகளையே நடந்தாலும் சரி. சலிப்பான வேலைதான். ஆனால் அமைதியான நேரமும் கணக்கில் வருவது இதனால்தான், கள ஆய்வில் இதைவிடப் பெரிய காரியம் எனக்குத் தெரியவில்லை.

அவரும் கணவர் ஸ்டூவர்ட்டும் 1971-ல் கென்யாவின் அம்போசெலியில் தொடங்கிய ஆய்வு இன்றும் தொடர்கிறது. ஒவ்வொரு குரங்கையும் தனித்தனியாக அடையாளம் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்விடும், பெண்கள் பிறந்த இடத்திலேயே இருந்துவிடும், அதனால் பாட்டி, மகள், பேத்தி என்று ஒரே குடும்பத்தைத் தொடர்ந்து பார்க்க முடிகிறது. அங்கே 16 வருடக் குறிப்புகளை வைத்து 2003-ல் ஒரு முடிவு வெளியானது: மற்றவற்றோடு நெருங்கிப் பழகும் தாய்களின் குட்டிகள்தான் முதல் வருடத்தைத் தாண்டி அதிகம் பிழைக்கின்றன. தாய்க்குக் கூட்டத்தில் என்ன அந்தஸ்து என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அப்படித்தான். குட்டி பிழைப்பதும் சாவதும் பார்க்கிறவரின் கற்பனையில் நடப்பதில்லையே!

கேள்வி: சரி, யார் யாருக்கு உறவு என்று அந்தக் குரங்குகளுக்கே தெரியுமா?

பதில்: தெரியும். போட்ஸ்வானாவின் மொரேமியில் டோரதி செனியும் ராபர்ட் செய்ஃபார்த்தும் அவர்களுடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். பெண் குரங்குகளின் குரல்களைப் பதிவுசெய்து, அந்தஸ்தில் கீழே இருப்பது அதட்டுவது போலவும் மேலே இருப்பது பயந்து அலறுவது போலவும் கோத்து, ஒளித்துவைத்த ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார்கள். நடக்கக்கூடாதது நடந்துவிட்டது என்பது போலக் கேட்ட குரங்குகள் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தன, அதிலும் அதட்டுவதும் அலறுவதும் வெவ்வேறு குடும்பம் என்றால், ஒரே குடும்பத்துச் சண்டையைக் கேட்டதைவிட நீண்ட நேரம்.