களிம்பு பூசியும் போகவில்லையே!

கேள்வி: தொடை இடுக்கில் வட்டமாகப் படர்தாமரை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசினால் இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடுகிறது. நிறுத்தினால் ஒரே வாரத்தில் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. ஆறு மாதமாக இதே கதை.

பதில்: அந்த டியூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் இவற்றில் ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. உங்கள் ஆறு மாதக் கதைக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. பூஞ்சையை உடல் எதிர்ப்பதால்தான் அரிப்பும் சிவப்பும் வருகின்றன. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்கிவிடுகிறது. அரிப்பு நிற்கிறது, பூஞ்சை நிம்மதியாகப் படர்கிறது. கூடவே பூஞ்சைக்கான மருந்தும் கலந்திருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இரண்டு நாளில் நிறுத்திவிட்டால் அது என்ன செய்யும்?

இப்படியே போனால் வட்டத்தின் சிவந்த விளிம்பு மங்கி, பார்க்கிற மருத்துவருக்கே இது எக்சிமா என்ற தோல் அழற்சியா படர்தாமரையா என்ற குழப்பம் வரும். இடுக்கில் தோல் மெல்லியது என்பதால் வரிவரியாகக் கோடுகளும் விழலாம். விழுந்துவிட்டால் முழுதாக மறையாது.

முதலில் அந்தக் களிம்பை நிறுத்துங்கள். நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடும். அந்த நேரத்தில்தான் பலர் பயந்துபோய்ப் பழைய டியூபையே மறுபடி எடுக்கிறார்கள். ஆறு மாதம் ஆன, ஸ்டீராய்டு பட்ட படர்தாமரைக்கு வெறும் களிம்பு பெரும்பாலும் போதாது. விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்தபின், டெர்பினாஃபைன் அல்லது இட்ராகோனசோல் மாத்திரை தருவார்கள். கல்லீரல் பிரச்சினை, இதயக் கோளாறு, கர்ப்பம், வேறு மாத்திரைகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புதிதாக வந்த ஓரிரு வட்டம்தான் என்றால் குளோட்ரிமசோல் போன்ற களிம்பே போதும். இடத்தை நன்றாகத் துடைத்து ஈரம் போனபின், வட்டத்துக்கு வெளியே 2 செ.மீ. தள்ளித் தொடங்கி உள்நோக்கித் தடவுங்கள். பூஞ்சை மும்முரமாக இருப்பது விளிம்பில்தான். நடுவில் மட்டும் பூசுவது வீண். காலையும் இரவும், பொதுவாக 2 முதல் 4 வாரம். தோல் சரியாகிவிட்டதாகத் தோன்றிய பின்னும் ஒரு வாரமாவது தொடர வேண்டும்.

கால் விரல் இடுக்கையும் பாருங்கள். அங்கே வெள்ளையாக ஊறி உரிந்திருந்தால் தொற்றின் ஊற்றுக்கண் அதுதான். உள்ளாடையைக் காலில் மாட்டி மேலே இழுக்கும்போது பூஞ்சை இடுக்குக்கு ஏறிவிடுகிறது. முதலில் காலுறை, அப்புறம் உள்ளாடை என்று மாற்றிக்கொள்ளுங்கள். துண்டு தனியாக இருக்கட்டும். வீட்டில் வேறு யாருக்கும் இருந்தால் அவரும் சேர்ந்தே சிகிச்சை எடுக்க வேண்டும்.

கேள்வி: எனக்கும் மகனுக்கும் இரவில் தாங்க முடியாத அரிப்பு. சொறி என்று சொல்லி பெர்மெத்ரின் களிம்பு கொடுத்தார்கள். அரிக்கிற இடத்திலெல்லாம் பூசினோம். பத்து நாள் ஆகியும் அரிப்பு நிற்கவில்லை.

பதில்: அரிக்கிற இடத்தில் மட்டும் பூசியதுதான் பிழை. சொறிப் பூச்சி மேல்தோலுக்குள் குடைந்து முட்டையிடுவது. அரிப்பு இல்லாத இடத்திலும் இருக்கும். 5 சதவீத பெர்மெத்ரினை இரவில், உடம்பு சூடு தணிந்து உலர்ந்தபின், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓர் அங்குலம் விடாமல் பூச வேண்டும். விரல் இடுக்கு, நகத்தடி, தொப்புள், அக்குள், பிறப்புறுப்பு, பிட்டத்தின் மடிப்பு எல்லாம் அதில் அடக்கம். சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கண், வாய் நீக்கித் தலை, முகத்துக்கும் சேர்த்து. 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் பூசாதீர்கள். 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். நடுவே கை கழுவினால் கைக்கு மறுபடி பூச வேண்டும். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். பெரியவருக்கு ஒரு தடவைக்கு 30 கிராம் டியூப் முழுதாகவே தேவைப்படலாம். 7 நாள் கழித்து மறுபடி ஒருமுறை.

வீட்டில் உள்ள எல்லாரும், அரிப்பு இல்லாதவர் உட்பட, ஒரே நாளில் பூச வேண்டும். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும்; அதற்குள் அவரிடமிருந்து உங்களுக்குத் திரும்ப வந்துவிடும். முந்தின மூன்று நாளில் உடுத்திய துணி, படுக்கை விரிப்பு, துண்டு எல்லாவற்றையும் வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்தால், மனிதத் தோல் கிடைக்காமல் பூச்சி செத்துப்போகும்.

முறையாகச் செய்த பிறகும் அரிப்பு 2 முதல் 4 வாரம் நீடிக்கும். செத்த பூச்சியும் அதன் கழிவும் தோலில் கிடப்பதால் வரும் ஒவ்வாமை அது. அதற்காகத் தினமும் பெர்மெத்ரின் பூசினால் தோல் எரிந்து, அரிப்பு இன்னும் கூடும். 4 வாரம் தாண்டியும் புதுப்புதுப் பருக்கள் வந்தால்தான் மறுபடி காட்ட வேண்டும்.

கேள்வி: முகப்பருவுக்கு அடாபலீன் ஜெல் இரண்டு வாரம் பூசினேன். பரு குறையாமல் தோல் உரிந்து எரிகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பருவின் மேல் புள்ளி வைப்பது போலப் பூசினீர்களோ? பட்டாணி அளவு ஜெல்லை முகம் முழுக்கப் பரப்ப வேண்டும். இனி வரப்போகும் பருவைத் தடுக்கிற மருந்து இது. எரிச்சல் அடங்கும்வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரவில், முகம் கழுவி நன்கு உலர்ந்தபின் மாய்ஸ்சரைசரோடு பூசுங்கள். பகலில் சன்ஸ்கிரீன் வேண்டும். கர்ப்பம் தரித்தாலோ அதற்குத் திட்டமிட்டாலோ அடாபலீன் கூடாது.

கேள்வி: முதுகில் தேமல். கீட்டோகோனசோல் ஷாம்பு போட்டும் வெள்ளை போகவில்லை.

பதில்: மேலே நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மாவு போல உதிரவில்லை என்றால் தேமலை உண்டாக்கிய பூஞ்சை அநேகமாகப் போய்விட்டது, நிறம் மட்டும் பாக்கி. அது திரும்ப மாதக்கணக்கில் ஆகும். ஆனால் வெளிறிய இடத்தில் தொட்டால் உணர்வு குறைந்திருந்தால் அது தேமல் அல்ல. தொழுநோயா என்று உடனே பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: எக்சிமாவுக்குக் கொடுத்த களிம்பை ‘மெல்லிசாகப் பூசவும்’ என்று எழுதியிருக்கிறார்கள். மெல்லிசு என்றால் எவ்வளவு?

பதில்: நியாயமான கேள்வி. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அது ஏறத்தாழ அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கைகள், விரல்களோடு சேர்த்து, எவ்வளவு பரப்போ அவ்வளவு இடத்துக்கு அது போதும். குழந்தைக்குப் பூசும்போதும் பெரியவர் விரலால்தான் அளக்க வேண்டும். மாய்ஸ்சரைசருக்கு இந்தக் கணக்குக் கிடையாது. குளித்துத் துடைத்ததும் ஈரம் முழுதாகக் காய்வதற்குள் தாராளமாகப் பூசுங்கள்.